முளை, கதிர், மணி
கிருபையின் வழிகள் – 12

கன்வென்ஷன் கூட்டங்களில் சாட்சி சொல்ல எழுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தேதியில்தான் தொடங்குவார்கள். இன்ன வருடம், இன்ன மாதம், இன்ன ஊரில் நடந்த கூட்டத்தில் ஆண்டவர் என்னைத் தொட்டார். முந்தின நாள் வரை குடி, மறுநாள் முதல் குடி இல்லை. கூட்டம் அல்லேலூயா சொல்லும். சொல்வதற்கு ஒரு தேதி இல்லாதவர்கள், நேற்று விட்ட கோபத்தை இன்று காலையிலேயே மறுபடி பிடித்துக்கொண்டவர்கள், பாட்டுப் புத்தகத்தைப் புரட்டியபடி உட்கார்ந்திருப்பார்கள்.

386ஆம் ஆண்டில் மிலான் தோட்டத்தில் மனந்திரும்பிய அகஸ்தீன், பத்து வருடங்களுக்கு மேல் கழித்து எழுதிய ‘அறிக்கைகள்’ நூலில், ஆயராக இருந்துகொண்டே தன்னை இன்னும் விடாத சோதனைகளை ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்வதைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் தேதி உள்ளவர்களிலேயே மிகவும் பேர்போனவரை எடுத்துக்கொள்கிறேன். ஜான் நியூட்டன். ‘அமேசிங் கிரேஸ்’ பாடலை எழுதியவர்.

அவரைப் பற்றிப் பிரசங்க மேடைகளில் ஒரு கதை ஓடுகிறது. அடிமைக் கப்பலின் தலைவன், நடுக்கடலில் புயல், முழங்காலில் விழுந்தான், எழுந்ததும் கப்பலைத் திருப்பி அடிமைகளை விடுவித்தான், கரை சேர்ந்ததும் அந்தப் பாட்டை எழுதினான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் புயலும் ஜெபமும்தான் உண்மை. அன்று அவர் கப்பல் தலைவரே அல்ல. தலைவரானது அந்தப் புயலுக்குப் பிறகு.

நியூட்டன் 1725இல் லண்டனில் வாப்பிங் என்ற துறைமுகப் பகுதியில் பிறந்தார். மகனுக்கு வேத வசனமும் ஞானப்பாட்டும் சொல்லிக்கொடுத்த தாய், அவருக்கு ஏழு வயது நிறையுமுன்பே காசநோயில் இறந்தார். தகப்பன் கப்பல் தலைவர். பதினொரு வயதில் பையனைக் கடலுக்கு அழைத்துப்போனார். பிறகு கட்டாய ஆள்பிடிப்பில் ‘ஹார்விச்’ என்ற போர்க்கப்பலில் சேர்க்கப்பட்டது, தப்பி ஓடிப் பிடிபட்டது, எல்லார் முன்னிலையிலும் கசையடி பட்டது, மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் அடிமை வியாபாரியிடம் சிக்கிச் சோற்றுக்கு அலைந்தது என்று ஒரு நாவலுக்குப் போதுமான இளமை. தகப்பன் சொல்லி அனுப்பிய ‘கிரேஹவுண்ட்’ என்ற வியாபாரக் கப்பல் அவரைக் கண்டுபிடித்து ஏற்றிக்கொண்டது. அதில் ஊர் திரும்பும்போதுதான், 1748 மார்ச் 21 அன்று (அந்நாளைய ஆங்கில நாட்காட்டிப்படி மார்ச் 10), அட்லாண்டிக் கடலில் புயல் அடித்தது. கப்பலின் பக்கம் உடைந்து தண்ணீர் உள்ளே வந்தது. பரிகாசக்காரன் என்று பெயர் எடுத்திருந்த இருபத்திரண்டு வயது இளைஞன் இரக்கத்துக்காகக் கெஞ்சினான். கப்பல் மூழ்கவில்லை, ஏறக்குறைய நான்கு வாரம் கழித்து அயர்லாந்தின் கரையை அடைந்தது.

அந்தத் தேதியை நியூட்டன் சாகும்வரை விடவில்லை. ஒவ்வொரு வருடமும் மார்ச் 21ஐ ஜெப நாளாக அனுசரித்தார். பார்வை மங்கி எழுத முடியாமல் போன 1805இலும் நாட்குறிப்பில் அந்த நாளுக்காக ஒரு வரி எழுதினார். ஆனால் அதே நியூட்டன் பிற்பாடு தன் வரலாற்றைச் சொல்லும்போது, அந்த நாளில் தான் முழு அர்த்தத்தில் விசுவாசி ஆகிவிட்டதாகச் சொல்ல முடியாது, அதற்குப் பிறகும் வெகு காலம் ஆனது என்கிறார். சாட்சிக் கூட்டத்தில் இப்படி ஒருவர் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அன்று அவரிடம் மாறியது என்ன? கெட்ட வார்த்தை நின்றது. கேட்பவர் காது கூசும்படி தேவதூஷணம் பேசிக்கொண்டிருந்த மனிதர் அதை அடியோடு விட்டார். மற்றதெல்லாம் சில மாதத்தில் திரும்பி வந்துவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். அதே வருடம் ‘பிரவுன்லோ’ என்ற அடிமைக் கப்பலில் துணைத் தலைவராகச் சேர்ந்து ஆப்பிரிக்கா போனார். கடற்கரையில் ஜுரம் கண்டு படுத்தபோதுதான் மறுபடி ஜெபிக்கத் தோன்றியது. அவர் கணக்கில் புயலைவிட அந்த ஜுரத்துக்கு அதிக மதிப்பு உண்டு என்று நினைக்கிறேன். புயலில் யாரும் கெஞ்சுவார்கள். விழுந்த பிறகு, விழுந்தது தெரிந்து, வெட்கத்தோடு இரண்டாம் முறை கதவைத் தட்டுவது வேறு.

1750இல் மேரி காட்லெட்டை மணந்தார். அந்த வருடமே ‘டியூக் ஆஃப் ஆர்கைல்’ என்ற அடிமைக் கப்பலுக்குத் தலைவரானார். பிறகு ‘ஆப்பிரிக்கன்’ என்ற கப்பலில் இரண்டு பயணங்கள். 1754 வரை மூன்று முறை ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்கி மேற்கிந்தியத் தீவுகளில் விற்றார். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். தன் அறையில் உட்கார்ந்து வேதம் வாசித்தார், மனைவிக்கு அன்பொழுகக் கடிதங்கள் எழுதினார். அந்தப் பலகைத் தளத்துக்குக் கீழே மனிதர்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள்.

அவருடைய கப்பல் நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. 1962இல் அச்சாகி வெளிவந்தது. அதில் 1752 டிசம்பரில் ஒரு பதிவு உண்டு. கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் கலகம் செய்யத் திட்டமிடுவது தெரியவருகிறது. அது உரிய நேரத்தில் தெரிந்ததற்குத் தெய்வப் பராமரிப்புக்கு நன்றி எழுதுகிறார். எழுதிய கையோடு, உண்மையை வரவழைக்கச் சில சிறுவர்களை விலங்கிட்டு, அவர்கள் கட்டைவிரல்களைத் திருகாணிக் கருவியில் வைத்து இலேசாக நெருக்கியதையும் குறிக்கிறார். இலேசாக. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இதை எழுதியவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் இரக்கம் பெற்றவர், தினமும் ஜெபிக்கிறவர். வேஷக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். வேஷக்காரர் அந்த வரியை எழுதாமல் மறைத்திருப்பார். இவருக்கு மறைக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் அதில் தப்பு இருப்பதாகவே தோன்றவில்லை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கெட்ட வார்த்தை ஒரே நாளில் போயிற்று; ஆள் விற்பது போகவில்லை. முதலாவது பெரிய பாவம், இரண்டாவது சிறிய பாவம் என்பதாலா? முதலாவதைப் பாவம் என்று அவர் தாய் சொல்லியிருந்தார், சபை சொல்லியது, ஊரும் முகம் சுளித்தது. இரண்டாவதை யாரும் பாவம் என்று சொல்லவில்லை. அன்றைய லிவர்பூலில் அது கௌரவமான தொழில். கப்பலுக்குப் பங்கு போட்டவர்கள் தேவாலயத்தில் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஊர் பாவம் என்று ஒத்துக்கொண்டதை விடுவதற்கு ஊரின் துணை இருக்கிறது. ஊரே மரியாதை கொடுக்கிற பாவத்தை விடக் கிருபை தனியாக உழைக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் அது காலதாமதமாகிறது.

அந்தத் தொழிலை அவர் விட்டதும் மனசாட்சி உறுத்தியதால் அல்ல. 1754இல் அடுத்த பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மனைவியோடு தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர் திடீரென்று நினைவிழந்து விழுந்தார். மருத்துவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்றார்கள். தன் வேலை ஒரு சிறைக்காவலன் வேலைபோல் இருப்பதாக மனம் சலித்து, வேறு வேலை கொடு என்று முன்பே ஜெபித்ததுண்டு என்கிறார். சலிப்பு இருந்தது, குற்ற உணர்வு இல்லை. லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க வேலை கிடைத்தது. கிரேக்கும் எபிரெயமும் தானாகவே படித்தார். பல ஆண்டு மறுப்புகளுக்குப் பிறகு 1764இல் இங்கிலாந்து திருச்சபையில் குருப்பட்டம் பெற்று, பக்கிங்காம்ஷயரில் ஒல்னி என்ற சிற்றூருக்குப் போனார். லேஸ் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் ஊர்.

ஒல்னியில்தான் 1773 புத்தாண்டுப் பிரசங்கத்துக்காக அந்தப் புகழ்பெற்ற பாடல் எழுதப்பட்டது. பிரசங்க வசனம் 1 நாளாகமம் 17ஆம் அதிகாரத்தில் தாவீது சொல்லும் ஜெபம். இன்று உலகம் பாடும் ராகம் அதற்கு 1835இல்தான் அமெரிக்காவில் சேர்ந்தது. கவிஞர் வில்லியம் கூப்பரோடு சேர்ந்து நியூட்டன் 1779இல் வெளியிட்ட ‘ஒல்னி ஞானப்பாட்டுக’ளில் மொத்தம் 348 பாடல்கள். அவற்றில் அதிகம் பாடப்படாத ஒன்று எனக்கு ‘அமேசிங் கிரே’ஸைவிடப் பிடிக்கும். விசுவாசத்திலும் அன்பிலும் வளர வேண்டும் என்று ஒருவன் ஜெபிக்கிறான். பாவத்தை ஒரே மூச்சில் அடக்கி இளைப்பாறுதல் தருவார் என்று எதிர்பார்க்கிறான். நடப்பது நேர் எதிர்: அவன் இருதயத்தில் ஒளிந்திருந்த தீமைகளையெல்லாம் கடவுள் அவனுக்கே காட்டத் தொடங்குகிறார். இது என்ன பதில் என்று கேட்கிறான். உன் ஜெபத்துக்கு நான் பதில் தரும் விதம் இதுதான் என்கிறார்.

இதே கருத்தை அவர் உரைநடையில் விரித்தது மூன்று கடிதங்களில். ‘ஒமிக்ரான்’ என்ற புனைபெயரில் எழுதிய கடிதங்களின் தொகுப்பு 1774இல் புத்தகமாயிற்று. அதில் மாற்கு 4ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையை எடுத்துக்கொள்கிறார்: நிலம் தானாகவே முதலில் முளையையும், பிறகு கதிரையும், பிறகு கதிர் நிறைய மணியையும் தருகிறது, விதைத்தவனுக்கு அது எப்படி என்று தெரியாது. இந்த மூன்று பருவங்களுக்கு மூன்று கற்பனை மனிதர்களை வைத்து, ஏ, பி, சி என்று பெயரிடுகிறார்.

முளைப்பருவ மனிதருக்கு ஆசை அதிகம், வெளிச்சம் குறைவு. ஜெபத்தில் கண்ணீர் வந்தால் கடவுள் அருகில் இருக்கிறார், வராவிட்டால் கைவிட்டுவிட்டார். எகிப்தைவிட்டு வந்த இஸ்ரவேலரைப்போல, பின்னால் பார்வோனின் தேர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நியூட்டன் இவரைக் கேலி செய்வதில்லை. முளையின் பசுமைக்கு ஓர் அழகு உண்டு என்று ஒத்துக்கொள்கிறார்.

கதிர்ப்பருவ மனிதரைப் பற்றிய கடிதம்தான் உயிரானது. இவருக்குப் பயம் தெளிந்துவிட்டது. செங்கடலில் எதிரி மூழ்கிவிட்டான், இனிப் பாட்டுதான் என்று நினைக்கிறார். முன்னால் வனாந்தரம் இருப்பது தெரியாது. பழைய பாவங்கள் புதுச் சட்டை போட்டு வரும். பக்தியே பெருமைக்கு இடமாகும். எசேக்கியா ராஜாவின் இருதயத்தில் உள்ளதெல்லாம் அவனுக்கே தெரியும்படி கடவுள் அவனைக் கொஞ்சம் கைவிட்டுப் பார்த்ததாக நாளாகமம் சொல்கிறதே, அதை இங்கே கொண்டுவருகிறார். மன்னிக்கப்பட்டவனுக்குத் தன் ஆழம் தெரிவதற்குப் பல வீழ்ச்சிகளும் பல எழுச்சிகளும் வேண்டியிருக்கின்றன. நம்மில் அநேகர் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிப்பது இந்தப் பருவத்தில்தான், இதை வளர்ச்சி என்று அறியாமல், பின்மாற்றம் என்று பயந்துகொண்டு.

மூன்றாமவரிடம் வாசகர் எதிர்பார்ப்பது பலசாலியான ஒரு பரிசுத்தவானை. நியூட்டன் அப்படிக் காட்டவில்லை. மணிப்பருவ மனிதர் முதல் இருவரைவிடப் பலசாலி அல்ல. தன் பலவீனம் அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர், அவ்வளவுதான். அடையாளம் இரண்டில் தெரியும். தன்னைப் பற்றி அவர் பேசுவது குறைந்திருக்கும். பிறருடைய வீழ்ச்சியைப் பார்க்கும்போது குரல் மென்மையாகியிருக்கும். எத்தனை மணி நேரம் ஜெபிக்கிறார், எத்தனை நாள் உபவாசம் என்று அளக்கிற நம்முடைய அளவுகோல்கள் எதுவும் அந்தக் கடிதத்தில் இல்லை. சபைத் தேர்தல் நடக்கும் மாதத்தில் இந்தக் கடிதத்தைப் படித்தால் நமக்கு நல்லது.

இவ்வளவு நுட்பமாக இருதயத்தைப் படித்தவரின் இந்த மூன்று கடிதங்களிலும் அடிமை வியாபாரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடலைவிட்டு வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. கண் திறந்ததைப் பாடிய மனிதரின் கண்ணில் அந்தச் சிறுவர்களின் கட்டைவிரல்கள் இன்னும் படவில்லை.

அது பட ஆரம்பித்தது லண்டனில். 1780இல் நகரின் நடுவே செயின்ட் மேரி உல்நாத் ஆலயத்துக்கு மாறினார். 1785 டிசம்பரில் இருபத்தாறு வயதான நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் யாருக்கும் தெரியாமல் அவரைப் பார்க்க வந்தார். வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். புதிதாக மனந்திரும்பியவர், அரசியலை விட்டு ஊழியத்துக்குப் போகலாமா என்பது அவர் கேள்வி. இருக்கிற இடத்திலேயே இரு என்றார் நியூட்டன். பிறகு வில்பர்ஃபோர்ஸ் அடிமை வியாபார ஒழிப்பைக் கையிலெடுத்தார். 1788இல் நியூட்டன் ‘ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தைப் பற்றிய எண்ணங்கள்’ என்ற சிறு நூலை வெளியிட்டார். தன் இருதயமே இப்போது நடுங்குகிற ஒரு தொழிலில் தான் ஒரு காலத்தில் கருவியாக இருந்ததை அவமானத்தோடு அறிக்கையிட்டார். இந்த அறிக்கை மிகவும் தாமதமாக வருகிறது என்பதையும் சேர்த்தே சொன்னார். அரசு விசாரணைக் குழுவின் முன் தானே போய்ச் சாட்சி சொன்னார். கப்பல் தலைவராக இருந்தவர் சொல்வதை வியாபாரிகள் பொய் என்று தள்ள முடியவில்லை.

புயலிலிருந்து அந்த நூல் வரை நாற்பது வருடம். அப்போது நியூட்டனுக்கு வயது அறுபத்திரண்டு.

இந்த நாற்பது வருடத்தை எப்படி வாசிப்பது? கிருபை எவ்வளவு பொறுமையாக ஒரு மனிதனை உழுது கடைசிவரை கொண்டுபோகிறது என்று வாசிக்கலாம். இந்தத் தொடரில் நானும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதி வருகிறேன். ஆனால் அந்த நாற்பது வருடத்தை லிவர்பூல் பக்கத்திலிருந்து எண்ணுவது ஒன்று, கப்பலின் கீழ்த்தளத்திலிருந்து எண்ணுவது இன்னொன்று. கடவுள் பாவிக்குக் கொடுக்கும் தவணை பாவிக்கு ஆறுதல். அந்தத் தவணைக்கு வட்டி கட்டுகிறவன் வேறொருவன்.

இதைத் தமிழ்ச் சபைக்கு நினைவூட்டியவர் நியூட்டனிடமே ஆலோசனை கேட்டு வளர்ந்த ஒருவர் என்பது சரித்திரத்தின் விசித்திரம். 1796இல் லண்டனில் பட்டு வியாபாரம் செய்த தன் மாமாவிடம் வேலை பழகிக்கொண்டிருந்த டேனியல் வில்சன் என்ற பதினெட்டு வயதுப் பையன், உள்ளத்தில் அமைதி இல்லாமல் முதியவர் நியூட்டனைத் தேடிப்போனான். கடவுள் நினைத்தால் வறண்ட நிலத்தில் ஒரு நொடியில் முழு ஓக் மரத்தை எழுப்பலாம். ஆனால் அவர் வழக்கம் அதுவல்ல. விதை மண்ணுக்குள் வெகு காலம் மறைந்து கிடக்கும், முளை வந்த பிறகும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் வளர்வது தெரியாது என்று நியூட்டன் சொன்ன பொருளை வில்சன் குறித்து வைத்தார். அதே வில்சன் 1832இல் கல்கத்தா பேராயரானார். சென்னையும் தஞ்சாவூரும் திருநெல்வேலியும் அப்போது அவர் அதிகாரத்தின் கீழ் இருந்தன.

1706இல் தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு வந்தது முதல் நூற்றுக்கும் மேற்பட்ட வருடங்களாக இங்குள்ள சபைகளில் சாதிக்குத் தனி இடம், நற்கருணையில் தனி முறை என்று நடந்துவந்தது. பழைய மிஷனரிகள் அதை விரும்பவில்லை. போகப்போக, விசுவாசம் வளர வளர, தானாக உதிரும் என்று பொறுத்துக்கொண்டார்கள். 1833 ஜூலையில் வில்சன் தென்னிந்தியப் போதகர்களுக்கு ஒரு சுற்றுமடல் அனுப்பினார். சபைக்குள் சாதி வேறுபாட்டை உறுதியாக, உடனடியாக, முடிவாக விட்டுவிட வேண்டும். உடனடியாக என்றவர், ஓக் மரத்தின் பாடத்தைக் கேட்டவர்தான். தஞ்சாவூரிலும் சென்னையிலும் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள்.

அதற்கு முன்பே தஞ்சாவூரில் சண்டை மூண்டிருந்தது. இளம் மிஷனரிகள் சாதி வழக்கங்களில் கைவைத்தபோது, வேளாளக் கிறிஸ்தவர்களின் வழக்கங்களுக்கு ஆதரவாக 1829இல் எழுதியவர் வேதநாயக சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகள் இல்லாமல் நம் ஆலயங்களில் ஒரு ஞாயிறும் கழியாது. அவர் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. நியூட்டனின் பக்தியையும் சந்தேகிக்கவில்லையே. ஊர் கௌரவம் என்று சொன்னதைப் பாவம் என்று பார்க்க இருவருக்குமே ஊர் கற்றுத்தரவில்லை. ஒருவருக்கு அறுபத்திரண்டு வயதில் பேச வாய் திறந்தது.

வில்சன் இரண்டு பாடத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தார் என்பதே என் தீர்ப்பு. என் கோபம், என் பொறாமை, என் இருதயத்தின் இருட்டு, இவற்றில் கிருபை தன் வேகத்தில் வேலை செய்யட்டும். பயப்படாமல் காத்திருக்கலாம், விழுந்தால் எழலாம். இன்னொருவன் கழுத்தில் என் கால் இருக்குமானால், அந்தக் காலை எடுக்க ஆவிக்குரிய முதிர்ச்சி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எடுத்துவிட்டு வளரலாம்.

பிரிட்டிஷ் அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டத்துக்கு 1807 மார்ச் 25 அன்று அரச ஒப்புதல் கிடைத்தது. நியூட்டன் அதே வருடம் டிசம்பர் 21 அன்று, எண்பத்திரண்டு வயதில் இறந்தார். அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டம் வர மேலும் இருபத்தாறு வருடம் ஆகி, 1833 ஆகஸ்டில் வந்தது. வில்சனின் சுற்றுமடலுக்கு அப்போது இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்தச் சட்டம் லண்டனில் நிறைவேறிவிட்டது. இந்தச் சுற்றுமடல் நம் சபைகளில் எந்த அளவுக்கு நிறைவேறியிருக்கிறது என்பதை அறிய கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தால் போதும். உங்கள் ஊரில் அதற்கு எத்தனை வாசல், நடுவில் சுவர் உண்டா என்று பார்த்து ஆசிரியருக்கு எழுதுங்கள். சபையின் பெயர் வேண்டாம். ஊரும் நிலவரமும் போதும்.